ஓடிய படம் வேறு. நின்ற படம் வேறு!

"வெற்றிகரமான நூறாவது நாள்!" என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். அது கொட்டகைக்காரர் கணக்கு. ரசிகனுக்கு வேறொரு கணக்கு உண்டு. பார்த்து வீட்டுக்கு வந்த பிறகும் படம் மனதில் நிற்கிறதா? அதுதான் ரசிகன் கணக்கு.

நான் எந்த நடிகரின் மன்றத்திலும் சேர்ந்தவன் அல்ல. பிடித்ததைப் பிடித்தது என்பேன். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்பேன். உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். அதனால் வீட்டில் சின்னச் சண்டை வந்தால் நல்லதுதான்!

பாட்டே இல்லை!

முதல் இடம் "அந்த நாள்" படத்துக்கு. ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, 1954-ல் வந்த படம். டைரக்டர் எஸ்.பாலசந்தர். அவர் பெரிய வீணை வித்துவான். ஆனால், அவர் எடுத்த இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது! நடனமும் கிடையாது.

1943-ல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு வீசியது. கதை அந்தச் சமயத்தில் நடக்கிறது. ஒரு ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவராக நடித்தவர் சிவாஜி கணேசன். படம் தொடங்கியதுமே கதாநாயகன் பிணமாகி விடுகிறான்!

துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். சுட்டது யார்? அதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியும் ஐரோப்பாவும்

அடுத்தது, ஸ்ரீதர் டைரக்ட் செய்த "நெஞ்சில் ஓர் ஆலயம்". 1962-ல் வந்தது. ஏறக்குறைய முழுக் கதையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. நோயாளியாக முத்துராமன். அவர் மனைவியாக தேவிகா. டாக்டராக கல்யாண்குமார். அந்த டாக்டர்தான் தேவிகாவை முன்பு காதலித்தவர்! காதலியின் கணவனைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் கையில். மூன்று பேருமே நல்லவர்கள். வில்லனே இல்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது.

அதே ஸ்ரீதர் 1969-ல் "சிவந்த மண்" எடுத்தார். ஐரோப்பாவுக்கே போய்ப் படம் பிடித்தார். கண்ணுக்கு நல்ல விருந்து. பாட்டுக்களும் இனிமை. ஆனால், என் மனதில் கதை ஒட்டவில்லை. ஊர் ஊராகச் சுற்றிக் காட்டியதை, ஓர் ஆஸ்பத்திரி அறை தோற்கடித்துவிட்டது!

அடி வாங்கிய மாணிக்கம்

ரஜினிகாந்த் படங்களிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. 1995-ல் "பாட்ஷா" வந்தது. 2002-ல் "பாபா" வந்தது. இரண்டுக்கும் டைரக்டர் சுரேஷ் கிருஷ்ணாதான்.

"பாட்ஷா"வில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள். திருப்பி அடிக்க அவனால் முடியும். ஆனாலும் பொறுத்துக்கொள்கிறான். எப்போது பொங்குவான் என்று நாம் துடிக்கிறோம். அந்தத் துடிப்புதான் படம்!

"பாபா"வில் கதாநாயகனுக்கு மந்திர வரம் கிடைக்கிறது. நினைத்தது நடக்கும். நினைத்தது நடந்துவிட்டால், நமக்குப் பயம் ஏது? கவலை ஏது? எனக்கு ஏமாற்றம் அங்கேதான்.

சிரிக்க ஒரு படம்

கவலையை மறக்க, 1964-ல் வந்த "காதலிக்க நேரமில்லை" போதும். இதுவும் ஸ்ரீதர் படம்தான். சினிமா எடுக்கத் துடிக்கும் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வார். கதை சொல்பவரைவிட, கேட்பவர் முகத்தைப் பாருங்கள்! பயத்தில் பாலையா படும் பாடு, பேரன் முதல் பாட்டி வரை எல்லோரையும் சிரிக்க வைக்கும்.

நம் கையில் இருப்பது

ஒரு வருத்தமும் உண்டு. "அந்த நாள்" முதலில் வெளியானபோது சரியாக ஓடவில்லை. பாட்டும் நடனமும் பார்த்துப் பழகிய ஜனங்கள் அதை ஏற்கவில்லை. 1961-ல் பி.ஆர்.பந்துலு "கப்பலோட்டிய தமிழன்" எடுத்தார். வ.உ.சிதம்பரனாரின் தியாகத்தைச் சொன்ன படம். பாரதியார் பாட்டுக்கள் நிறைந்த படம். அதற்கும் நஷ்டம்தான்.

இன்று இரண்டையும் போற்றுகிறோம். ஆனால், போட்ட பணத்தை இழந்தவருக்கு அந்தப் புகழ் அன்றைக்குச் சோறு போடவில்லை. புதுமாதிரிப் படம் ஒன்று தோற்றால், அடுத்து ஒருவர் அப்படி எடுக்கத் தயங்குவார். நாம் வாங்கும் டிக்கெட் ஓட்டுச் சீட்டு மாதிரி. எதற்குப் போடுகிறோமோ, அதுவே திரும்பத் திரும்ப வரும்.

ஆகவே, அடுத்த முறை குடும்பத்தோடு படத்துக்குப் போகும்போது சுவரொட்டியை மட்டும் பார்க்காதீர்கள். முன்பே பார்த்தவரிடம், "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "எந்த இடம் மனதில் நிற்கிறது?" என்று கேளுங்கள். அவர் உடனே ஓர் இடத்தைச் சொன்னால், நம்பிப் போகலாம். யோசித்துத் தலையைச் சொறிந்தால், டிக்கெட் பணம் பையிலேயே இருக்கட்டும்!