அடியாளைத் தாண்டிப் போக என்ன விலை?

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு. நேரம் நள்ளிரவு. லாரி கிளீனராக வேலை பார்க்கும் தேவி, கடத்தல் சரக்கின் ரசீதை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓட வேண்டும். குறுக்கே இரும்புக் கம்பியோடு ஓர் அடியாள் நிற்கிறான். அவனைச் சுற்றிக்கொண்டு ஓடினால் முதுகில் அடி விழுமா, விழாதா? சினிமா என்றால் ஸ்டன்ட் மாஸ்டர் முடிவு செய்வார். நாவல் என்றால் எழுதுபவர் பாடு. இதுவே மேசையில் ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம் என்றால், இதற்கென்றே எழுதிவைத்த விதி ஒன்று உண்டு.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். கதைக்களம், அடியாட்கள், வில்லன் எல்லாம் அவர் பொறுப்பு. ஒருவர் தன் கதாபாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகையின் முதல் ஆட்டம். அதில் கோட்டையும் டிராகனும் வரும். ஆனால் விதிகளுக்குக் களம் எதுவானாலும் ஒன்றுதான். மணலி எக்ஸ்பிரஸ் சாலையோரத்து யார்டிலும் அவை செல்லும்.

கட்டம் போட்ட யார்டு

சண்டை என்று வந்துவிட்டால் பெரும்பாலும் கட்டம் போட்ட தாள் மேசைக்கு வரும். ஒரு கட்டம் ஐந்தடி. இந்தக் கணக்கு நம் யார்டுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. இருபதடிப் பெட்டி நீளவாக்கில் சரியாக நான்கு கட்டம், நாற்பதடிப் பெட்டி எட்டு. அகலம் எட்டடிதான் என்றாலும் இரண்டு கட்டம் ஒதுக்கிவிடலாம். இரண்டு பெட்டி வரிசைகளுக்கு நடுவே ஒரே ஒரு கட்டத்துக்குச் சந்து விட்டால், அதில் ஓர் ஆள் வந்து நின்றாலே வழி அடைபட்டுவிடும்.

மனிதக் கதாபாத்திரம் ஒரு முறையில் முப்பதடி, அதாவது ஆறு கட்டம் நகரலாம். அதோடு ஒரு செயலும் செய்யலாம்: அடிக்கலாம், ஒளியலாம், இல்லையென்றால் அந்தச் செயலையும் ஓட்டத்துக்கே செலவழித்துப் பன்னிரண்டு கட்டம் ஓடலாம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கதையில் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. அந்த ஆறு விநாடியில் எல்லாரும் ஒரே நேரத்தில் அசைகிறார்கள். மேசையில் அப்படி ஆட முடியாது. ஒருவர் முறை முடிந்த பிறகுதான் அடுத்தவர் முறை. தேவி ஓடும்போது அடியாள் சிலை மாதிரி நிற்கிறான். அவள் அவனை உரசிக்கொண்டு போய், ஒரு சுற்றுச் சுற்றி, கேட்டைத் தாண்டிவிடலாம். அவன் முறை வரும்போது அவள் சாலையில் இருப்பாள். காவலுக்கு ஆள் நிறுத்துவதே வீண் என்று ஆகிவிடும். காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கியதால் வந்த இந்த அநியாயத்தைச் சரிக்கட்டத்தான் கடந்து போகும் விதிகள் பிறந்தன.

முறை தப்பி விழும் அடி

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் 2014-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு வைத்திருக்கும் மருந்தின் பெயர் ‘ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்’. தமிழில் வாய்ப்படி என்று வைத்துக்கொள்வோம். எதிரியின் கையெட்டும் தூரத்தை விட்டு நீங்கள் வெளியே போகும் கணத்தில், உங்கள் முறை நடந்துகொண்டிருக்கும்போதே, அவன் ஒரு தடவை உங்களை அடிக்கலாம்.

இதில் பலரும் கோட்டை விடுவது ஒரு நுணுக்கத்தில். பக்கத்தில் வருவதற்கு அடி கிடையாது. பக்கத்திலேயே சுற்றி வருவதற்கும் கிடையாது. விலகிப் போகும்போதுதான் அடி. கம்பி வைத்திருக்கும் அடியாளுக்குத் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களும் கையெட்டும் தூரம். தேவி அவனுடைய இடப்பக்கம் வந்து, முதுகுப்பக்கம் நகர்ந்து, வலப்பக்கம் போனாலும் ஒன்றும் ஆகாது. அங்கிருந்து கேட்டை நோக்கி ஒரு கட்டம் எடுத்து வைக்கும்போதுதான் கம்பி பாயும்.

பாய்ந்தால் பட்டே தீரும் என்பதும் இல்லை. அடியாள் இருபது முகப் பகடையை உருட்டி, அதோடு தன் திறமை எண்ணைக் கூட்டி, தேவியின் தற்காப்பு எண்ணை எட்ட வேண்டும். அவன் திறமை 3, அவள் தற்காப்பு 14 என்றால் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. பட்டாலும் ஓட்டம் நிற்காது. உடம்பில் கொஞ்சம் உயிர்ப் புள்ளிகள் குறையும், அவ்வளவுதான். ‘சென்டினல்’ என்ற தனித்திறன் பெற்ற காவலாளி அடித்தால் மட்டும் ஓடுபவர் அதே இடத்தில் நின்றுவிட வேண்டும்.

தப்பிக்கும் வழிகள்

நேர்வழி, ‘டிஸ்என்கேஜ்’. அடிக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுத்து, அந்த முறையின் செயலைக் கவனமாக விலகுவதற்கே செலவழிப்பது. அந்த முறை முழுக்க வாய்ப்படி கிடையாது. ஆனால் ஆறு கட்டம்தான் போகலாம். பன்னிரண்டு கட்ட ஓட்டம் இல்லை. கேட்டு எட்டாவது கட்டத்தில் இருந்தால் தேவி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அடியைப் பணயம் வைத்து ஒரே ஓட்டமாக ஓடுவதா, அடிபடாமல் ஆறு கட்டம் போய் இரண்டு கட்டம் மிச்சத்தில் நிற்பதா?

சாமர்த்தியமான வழி வேறு. வாய்ப்படி ஓர் எதிர்வினை; ஓர் ஆள் தன் அடுத்த முறை வருவதற்குள் ஒரே ஒரு எதிர்வினைதான் காட்டலாம். ஆகவே, உடம்பு திடமான கூட்டாளி ஒருவர் வேண்டுமென்றே முதலில் அடியாளைத் தாண்டி ஓடுகிறார். அடியாள் ஆத்திரத்தில் கம்பியை வீசிவிடுகிறான். இனி அவன் முறை வரும்வரை யார் ஓடினாலும் அவனால் தொட முடியாது. அடுத்த முறை தேவியுடையது என்றால் அவள் நிம்மதியாக ஓடலாம். அனுபவமுள்ள கேம் மாஸ்டர் இதைத் தெரிந்துகொண்டு, முதல் ஆளை விட்டுவிட்டு ரசீது வைத்திருப்பவளுக்காகக் காத்திருப்பார்.

ஐந்தடிச் சந்தில் அவன் நின்றால் இந்த வித்தை எதுவும் பலிக்காது. எதிரி நிற்கும் கட்டத்துக்குள் நுழையவே முடியாது. ஆள் அளவில் இரண்டு படி வித்தியாசம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. குதிரை மனிதனைவிட ஒரு படிதான் பெரிது, வழிவிடாது. யானை இரண்டு படி பெரிது; அதன் கால்களுக்கு இடையே புகுந்து போய்விடலாம், ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பு நகர்வைச் செலவழித்து. மற்றபடி அடியாளைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கேம் மாஸ்டர் சம்மதித்தால் விருப்ப விதிப்படி உருண்டு புகவும் பார்க்கலாம். அதற்கு இரண்டு பேரும் பகடை உருட்ட வேண்டும்.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம். எதிரியின் பக்கத்தில் நின்று மந்திரம் சொன்னாலும் அடி, அம்பு விட்டாலும் அடி. ‘பாத்ஃபைண்டர்’ என்ற வேறோர் ரோல்பிளேயிங் ஆட்டத்தின் 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பு எதிர்த்திசையில் போனது. அங்கே வாய்ப்படி எல்லாருக்கும் பொதுச் சொத்து இல்லை. தொடக்கத்திலேயே அது கிடைப்பது போர்வீரனுக்கும் சில எதிரிகளுக்கும் மட்டுமே. விலை குறைந்தால் ஆட்டக்காரர்கள் ஓடி ஆடுவார்கள், விலை ஏறினால் எதிரெதிரே நின்று மோதுவார்கள் என்பதுதான் கணக்கு.

திண்ணையில் இருந்த விதி

இந்தக் கேள்வி அமெரிக்காவில் பிறந்ததும் இல்லை, புதியதும் இல்லை. நம் ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணத்தின் மேல் குறுக்குக் கோடுகள், 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. ஆட்டை ஒட்டி நிற்கும் புலி, அதே கோட்டில் ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டிக் குதிக்கும். தாண்டப்பட்ட ஆடு வெட்டுப்படும். இங்கே கடந்து போவதே தாக்குதல். விலை கொடுப்பவர் கடப்பவர் இல்லை, கடக்கப்பட்டவர். ஆட்டுக்குத் தாண்டும் உரிமையே இல்லை. அதற்கு இருக்கும் ஒரே காவல், பின்னால் இன்னொரு ஆட்டை நிறுத்துவது. புலி இறங்க இடம் இல்லையென்றால் பாய்ச்சல் இல்லை. அப்படி அடைத்து அடைத்து மூன்று புலிகளையும் அசையவிடாமல் செய்தால் ஆடு ஜெயித்தது.

சதுரங்கத்திலும் ஒரு சரிக்கட்டல் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பாவில் சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாவும் சலுகை பரவியது. அதனால் எதிரிச் சிப்பாய் குறிவைத்த கட்டத்தை மிதிக்காமலே தாண்டிவிட முடிந்தது. இதைச் சரிசெய்ய வந்ததுதான் ‘என் பாசான்’. தாண்டிய சிப்பாயை, அது ஒரே கட்டம் நகர்ந்ததாகப் பாவித்து வெட்டலாம். அதுவும் அடுத்த நகர்விலேயே செய்ய வேண்டும். தவறவிட்டால் உரிமை போச்சு. யார்டு அடியாளின் ஒற்றை அடிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு.

சொந்தமாக ஆட்டம் அமைக்க ஆசைப்படுபவர்கள் மூன்று கேள்விக்கு விடை எழுதிக்கொண்டால் போதும். எதிரியைக் கடக்கலாமா? கடந்தால் யார் என்ன விலை கொடுப்பது? அந்த விலையை எதிரி ஒரு சுற்றில் எத்தனை தடவை வசூலிக்கலாம்? சாக்பீஸால் தரையில் யார்டை வரைந்து, புளியங்கொட்டையை அடியாளாக வைத்து, முதலில் விதியே இல்லாமல் ஆடிப் பாருங்கள். எல்லாரும் நேரே கேட்டுக்கு ஓடுவார்கள். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு வாய்ப்படியைச் சேர்த்து ஆடுங்கள். முதலில் போய் அடி வாங்குவது யார் என்று கூட்டாளிகளுக்குள் பேரம் ஆரம்பித்துவிடும்.