ஒரே கதவு எண்ணில் பல குடித்தனம்

சத்திரப்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தம் ஓயாத ஊர் அது. அவர் குடும்பத்துக்கும் அதே தொழில்தான். வெளியூர் வியாபாரிகள் பார்ப்பதற்காக ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார்கள். முன்னால் மூன்று டபிள்யூ போட்டு அடித்தால் பேண்டேஜ் ரோல்கள் வருகின்றன. டபிள்யூ போடாமல் வெறும் பெயரை அடித்தால் ஏதோ ஒரு ஊரின் கல்யாண மண்டபம் திறக்கிறது, டைனிங் ஹால் வாடகை, ஜெனரேட்டர் வசதி எல்லாவற்றோடும். "யாரோ ஹேக் செய்துவிட்டார்களா?" என்று கேட்கிறார். சைட் செய்து கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லையாம்.

யாரும் ஹேக் செய்யவில்லை. லினக்ஸ் சர்வரில் ஒரு வரியில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த விடுபட்ட பெயருக்காக ஏன் குறிப்பாக அந்தக் கல்யாண மண்டபம் வந்து நிற்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதற்காகவே இந்தக் கட்டுரை. டொமைன் என்றால் என்ன, ஐ.பி. முகவரி என்றால் என்ன என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. அது தெரியாதவர்கள் வீட்டில் இன்ஜினியரிங் படித்த பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம். நம் பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளை இல்லாத தெரு ஏது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பின்னால் நான் வளர்ந்தது ஒரு காம்பவுண்டு வீட்டில். தெருவில் ஒரு கேட், அதற்கு ஒரே ஒரு கதவு எண். உள்ளே வரிசையாகக் குடித்தனங்கள். தபால்காரர் கேட்டருகே சைக்கிளை நிறுத்திப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அந்த வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொள்வார். கடிதத்தில் கதவு எண் மட்டும் இருந்து பெயர் அழிந்துபோயிருந்தால், அல்லது காலி செய்துகொண்டு போனவர் பெயர் இருந்தால், அது கேட்டை ஒட்டிய முதல் வீட்டு ஆச்சியிடம் போய்விடும். ஆச்சிக்கு வந்த கடிதம் இல்லை அது. ஆச்சி வீடு முதலில் இருந்தது, அதுதான் காரணம்.

வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வரும் இப்படித்தான். அதற்கு ஒரே ஐ.பி. முகவரி, அதற்குள் பத்தோ ஐம்பதோ வெப்சைட்டுகள் குடியிருக்கும். உங்கள் பிரவுசர் கேட்டுக்கு வந்து, தனக்கு எந்தப் பெயர் வேண்டும் என்று ஒரு வரி சொல்கிறது. 'ஹோஸ்ட்' என்று தொடங்கும் அந்த வரியைப் பார்த்துத்தான் சர்வர் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது.

ஆரம்ப காலத்தில் இந்த வரியே கிடையாது. பிரவுசர் சர்வரிடம் வந்து இந்தப் பக்கத்தைக் கொடு என்று கேட்கும். எந்தச் சைட்டின் பக்கம் என்று சொல்லாது. ஒரு முகவரியில் ஒரே சைட்தான் இருக்கும் என்பது அன்றைய எண்ணம். வெப் பெருகப் பெருக, ஆளுக்கு ஒரு முகவரி கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று புரிந்தது. பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். 1997 ஜனவரியில் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, பெயர் சொல்லாமல் வரக்கூடாது என்று கட்டாயமாக்கியது. அது இல்லாவிட்டால் ராஜபாளையத்து மில்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரரும் மாதம் சில நூறு ரூபாயில் சைட் வைத்திருக்க முடியாது. உலகத்துக்கான மையக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுத் தீர்ந்துவிட்டன.

இனி கல்யாண மண்டபத்துக்கு வருவோம். இன்று பரவலாக ஓடும் வெப் சர்வர் மென்பொருட்கள் இரண்டு: 1995-ல் வந்த அப்பாச்சி, ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ். வாசகருடைய சர்வரில் இருப்பது என்ஜின்எக்ஸ். உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் இதன் அமைப்புகள் 'எட்சி' என்ற ஃபோல்டருக்குள், 'சைட்ஸ்-எனேபிள்டு' என்ற இடத்தில் இருக்கும். சைட்டுக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல். ஒவ்வொன்றிலும் 'சர்வர் நேம்' என்று ஒரு வரி, அதில் அந்தக் குடித்தனக்காரரின் பெயர். டபிள்யூ போட்ட பெயரும் போடாத பெயரும் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு இரண்டு வேறு ஆட்கள். இரண்டையும் எழுத வேண்டும். நம் வாசகருக்கு ஒன்றை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் என்ஜின்எக்ஸ் "அப்படி யாரும் இல்லை" என்று சொல்வதில்லை. முதல் வீட்டைத் திறந்துவிடுகிறது. முதல் வீடு எது? எதையும் முதல் வீடு என்று குறிப்பிட்டு எழுதாவிட்டால், ஃபைல்களைப் படிக்கும் வரிசையில் எது முதலில் வருகிறதோ அது. ஃபைல்களை அது அகர வரிசையில் படிக்கிறது! அந்த மண்டபத்தின் பெயர் ஆங்கில 'ஏ'யில் தொடங்குவதாக வாசகரே எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் ரகசியம். சத்திரப்பட்டி பேண்டேஜைத் தேடி வந்தவர்களைப் பந்தி மண்டபத்துக்கு அனுப்பிவைத்தது வெறும் எழுத்து வரிசை. அப்பாச்சியை டெபியனில் நிறுவினால், முதல் கான்ஃபிக் ஃபைலின் பெயரே மூன்று பூஜ்யங்களோடு தொடங்கும். விஷயம் தெரியாதவர்கள் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். எந்தப் பெயரும் தனக்கு முன்னால் போய்விடாதபடி அது போட்டுக்கொண்ட துண்டு அந்தப் பூஜ்யங்கள்.

முதல் வீடாக இருப்பது பெருமையும் இல்லை. பெயரே சொல்லாமல், வெறும் ஐ.பி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டைத் தட்டுகிறவர்கள் நாள் முழுக்க வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் மனிதர்கள் அல்ல, உலகத்து முகவரிகளையெல்லாம் வரிசையாகத் தட்டிப்பார்க்கும் நிரல்கள். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'இசட்மேப்' என்ற கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து மொத்தப் பழைய முகவரிகளையும் முக்கால் மணி நேரத்தில் தட்டிவிடும் என்று காட்டியது. அதனால் சத்திரப்பட்டி ஒதுக்குப்புறம், நம்மை யார் தேடப்போகிறார்கள் என்ற எண்ணம் வேண்டாம். சர்வரின் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸ்ஸே இல்லாத சைட்டில் வேர்ட்பிரஸ்ஸின் லாகின் பக்கத்தைக் கேட்டுக் கேட்டுத் தோற்றுப்போன வரிகள் நிறைந்திருக்கும். அதில் பெரும்பகுதி முதல் வீட்டுக்காரர் கணக்கில்தான் விழும். போதாததற்கு, யார் வேண்டுமானாலும் தங்களுடைய டொமைனை உங்கள் ஐ.பி. எண்ணை நோக்கித் திருப்பிவிடலாம். அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. அப்போது முதல் வீட்டுக்காரரின் கடை, கேள்விப்படாத ஒருவரின் பெயரில் திறந்துகொள்ளும்.

பூட்டு வந்த பிறகு கதை இன்னும் சிக்கலானது. முகவரியில் ஹெச்.டி.டி.பி.எஸ். என்று வருகிறதே, அதில் சர்வர் முதலில் தன் சான்றிதழைக் காட்டி, பிரவுசரோடு ரகசிய இணைப்பை ஏற்படுத்த வேண்டும். அதன் பிறகுதான் 'ஹோஸ்ட்' வரி போய்ச்சேரும். ஆனால் யாருடைய சான்றிதழைக் காட்டுவது என்று தெரிய, பெயர் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க எஸ்.என்.ஐ. என்ற ஏற்பாடு 2003-ல் விதிமுறையானது: இணைப்பு பூட்டப்படும் முன்பே பிரவுசர் பெயரை வெளிப்படையாகச் சொல்லிவிடும். விண்டோஸ் எக்ஸ்பி-யில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இதைக் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. எக்ஸ்பி ஒழியும்வரை பல சர்வர்காரர்கள் சைட்டுக்கு ஒரு தனி ஐ.பி. வாங்கி அழுதார்கள். வெளிப்படையாகச் சொன்ன பெயர் வழியில் இருப்பவர்கள் காதிலும் விழும். இந்தியாவில் தளங்களைத் தடுக்க ஒரு இணைய நிறுவனம் இந்தப் பெயரைத்தான் கவனிக்கிறது என்று சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி 2019-ல் கண்டறிந்து எழுதியது. பெயரையும் மறைத்துச் சொல்லும் முறை இப்போதுதான் மெல்லப் பரவுகிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? உங்கள் ஃபைலில் 'சர்வர் நேம்' வரியில் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். சான்றிதழையும் இரண்டு பெயருக்கும் சேர்த்து வாங்குங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. பிறகு, எந்தச் சைட்டும் இல்லாத ஒரு காலி வீட்டை உண்டாக்கி, அதையே முதல் வீடு என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். அதற்குள் என்ஜின்எக்ஸுக்கே உரிய 444 என்ற எண்ணைத் திருப்பித்தரச் சொல்லுங்கள். உலகப் பொதுவிதியில் அப்படி ஒரு எண் கிடையாது. அதைப் பார்த்தால் என்ஜின்எக்ஸ் ஒரு வார்த்தையும் பேசாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். மாற்றி எழுதியதும் உடனே சர்வரை நிறுத்தி ஓட்டாதீர்கள். 'என்ஜின்எக்ஸ் -டி' என்று கொடுத்தால் ஃபைலில் பிழை இருக்கிறதா என்று சொல்லும். அது சரி என்ற பிறகு ரீலோட் கொடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குப் பழைய அமைப்பிலேயே பக்கங்களைக் கொடுத்து முடித்துவிட்டு, புதிதாக வருகிறவர்களுக்குப் புதிய அமைப்பைக் காட்டும். பேண்டேஜ் ரோல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பாதியில் வெளியே தள்ள வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போதே கொஞ்சம் ஆதங்கமும் வருகிறது. தறிக்கு எத்தனை மீட்டர் ஓடியது என்று நோட்டில் எழுதிவைக்கும் ஊர் நம்முடையது. அதே முதலாளிகளிடம், உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். "சைட் போட்ட தம்பி பெயரில்" என்பார்கள். தம்பி கோயம்புத்தூரிலோ துபாயிலோ வேலைக்குப் போய்விட்டால், வருடச் சந்தா கட்ட ஆளில்லாமல் பெயர் காலாவதியாகி, ஒருநாள் அதில் ரம்மி விளம்பரம் ஓடும். சர்வரின் நிலையும் அதுதான். ஃபைல் திறக்கவில்லை என்றால் எல்லோருக்கும் எழுதும் உரிமை கொடுக்கும் 777-ஐப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்டேட் என்ற சொல்லே அங்கே நுழைவதில்லை. பிறகு ஒருநாள் நிஜமாகவே ஹேக் ஆகும்.

பழகிப்பார்க்க இயந்திரம் இல்லை என்று சொல்லவும் முடியாது. 2011-லிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது; சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கியது. அதைக் கடைசிவரை ஒரு தடவைகூடத் திறக்காதவர்கள்தான் அதிகம். அந்த லேப்டாப்புகள் பல இன்று பரணில் கிடக்கின்றன. ஒன்றை இறக்கித் துடைத்து, புதிய டெபியனைப் போட்டு, வீட்டு வைஃபைக்குள்ளேயே இரண்டு கற்பனைச் சைட்டுகளை வைத்து எல்லாவற்றையும் முயன்றுபார்க்கலாம். ஒரு ஃபைலின் பெயரை மாற்றிவைத்தால் முதல் வீடு மாறுவதை நேரிலேயே பார்க்கலாம். கெட்டுப்போனால் யார் வியாபாரமும் நிற்காது. தமிழில் படிக்க வேண்டும் என்றால் 2012-லிருந்து 'கணியம்' என்ற மின்னிதழ் இருக்கிறது. லினக்ஸ் பற்றி இலவச மின்னூல்களும் வெளியிட்டிருக்கிறார்கள்.

வாசகர் கடிதத்தின் பின்பகுதியில், தமிழிலேயே டொமைன் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வாங்கலாம். புள்ளி இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயர்கள் உண்டு. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட உண்டு. ஆனால் கான்ஃபிக் ஃபைலில் தமிழில் எழுதினால் பெயர் பொருந்தாது. பிரவுசர் தமிழ்ப் பெயரை எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றித்தான் அனுப்புகிறது. 2003-ல் வந்த 'ப்யூனிகோட்' முறை அது. 'சர்வர் நேம்' வரியில் அந்தச் சரத்தைத்தான் எழுத வேண்டும். இதைத் தெரியாமல் தமிழில் எழுதிவைத்தால் அந்தப் பெயரில் வருகிறவர்களும் முதல் வீட்டுக்குத்தான் போவார்கள்.

கடைசியாகச் சோதனை. அலுவலக பிராட்பேண்டில் பார்த்து, சரியாக வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். என்ஜின்எக்ஸில் முதல் வீடு என்பது ஒவ்வொரு முகவரிக்கும் போர்ட்டுக்கும் தனித்தனி. 80-க்கு ஒன்று, பூட்டுப் போட்ட 443-க்கு ஒன்று. ஐ.பி.வி.6 என்ற புதிய முகவரி உங்கள் டொமைனுக்கு இருந்தால் அதற்கும் தனியாக எழுதியாக வேண்டும். இந்தியாவில் மொபைல் டேட்டாவில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஐ.பி.வி.6 வழியாகத்தான் வருகிறார்கள். பழைய முகவரிக்கு மட்டும் சரிசெய்தால் உங்கள் மேஜையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். போனில் பார்க்கிற வியாபாரிக்கு மட்டும் இன்னும் வேறு சைட் திறக்கும். வைஃபையை அணைத்துவிட்டு, டபிள்யூ போட்டும் போடாமலும், பூட்டோடும் பூட்டில்லாமலும் போனில் ஒரு சுற்று அடித்துப்பாருங்கள். பிறகு வெறும் ஐ.பி. எண்ணை அடியுங்கள். அதற்கு எதுவுமே திறக்கக்கூடாது.