விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

டெலிவரி வேலை பார்ப்பவர் வண்டியோடு சாய்ந்தால், காயத்தைப் பார்ப்பதற்கு முன் போனைத்தான் தேடுவார். ஆர்டர் கையில் இருக்கிறது. கேன்சல் ஆனால் இன்சென்டிவ் போகும், ரேட்டிங் இறங்கும், ஐடியை பிளாக் செய்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. இடித்த காரில் வந்தவர் ஐநூறோ ஆயிரமோ நீட்டுவார். "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு, முழங்கையில் ரத்தம் வழிய மறுபடி வண்டியைக் கிளப்புவார். மறுநாள் கையைத் தூக்க முடியாதபோதுதான் எலும்பு முறிந்தது தெரியவரும். அதற்குள் இடித்த கார் எங்கேயோ போயிருக்கும், அதன் எண்ணை யாரும் குறித்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தில் வழி இருந்தும் கையில் ஒரு காகிதம் இல்லாமல் இழப்பீட்டை இழப்பவர்கள் ஏராளம். எனவே அடிபட்ட முதல் சில மணி நேரத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. சேர்க்கும்போதே திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அங்கே "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். போலீஸ், கோர்ட் என்று எதற்கு அலைச்சல் என நினைத்து, கார் இடித்திருந்தும் "நானே ஸ்லிப் ஆகி விழுந்துட்டேன்" என்று சொல்பவர்கள் உண்டு. சொன்னது அப்படியே பதிவாகிவிடும். பிறகு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஆர்டர் முடிவதற்கு முன் செயலியின் திரையை, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பல நிறுவனங்களின் விபத்துக் காப்பீடு வேலையில் இருந்த நேரத்துக்கு மட்டுமே செல்லும். ஐடி முடங்கிவிட்டால் அந்த நேரத்தை நிரூபிக்க உங்களிடம் வேறொன்றும் இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று வைத்திருக்கிறார்கள். கட்டு பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு தருகிறது. இதற்கும் போலீஸ் பதிவு வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.

"வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்ற நம்பிக்கை பலரைக் கவிழ்த்திருக்கிறது. தேர்டு பார்ட்டி காப்பீடு உங்களால் அடிபட்ட அடுத்தவருக்கு. நீங்களே சறுக்கி விழுந்தால் அதில் உங்களுக்கு ஒன்றுமில்லை. உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். அதுவும் வண்டி உங்கள் பெயரில் இருந்து, லைசென்ஸும் செல்லுபடியாக இருந்தால்தான். மச்சான் வண்டியையோ நண்பன் வண்டியையோ எடுத்து டெலிவரிக்குப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியில் டெலிவரி ஓட்டினால் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்கவும் கூடும். ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது, எழுத்தில் கேளுங்கள்.

இத்தனையையும் தொழிலாளியே சுமப்பது நியாயம் இல்லை. 'பார்ட்னர்' என்று பெயர் வைத்துவிட்டதால் இவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, பி.எஃபும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை இவர்களின் நலனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் வைத்திருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் விழுந்த பிறகு கொடுப்பதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, விழாமல் காப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'பத்து நிமிடம்' என்ற விளம்பர வாசகத்தை 2026 ஜனவரியில் டெலிவரி நிறுவனமான பிளிங்கிட் கைவிட்டது. வாசகம் போனால் போதுமா? ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்வரை சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டம்தான். மழை கொட்டும்போதும், கத்திரி வெயிலின் மதியத்திலும் லாகின் செய்யாதவரின் இன்சென்டிவை வெட்டாமல் இருந்தாலே பல விபத்துகள் குறையும். மழையில் தாமதமாக வந்தவருக்கு ஒற்றை ஸ்டார் கொடுக்காமல் இருப்பது வாடிக்கையாளரின் பங்கு.

டெலிவரி ஊழியர்கள் போன்ற இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென 2023இல் தமிழ்நாடு அரசு தனி நல வாரியம் அமைத்தது. விபத்து மரணம், ஊனம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, செயலியின் ஐடி ஆகியவற்றோடு தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஆன்லைனிலோ பதியலாம். ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிந்துவிடுங்கள். வாரிசுதாரர் பெயரை விடாமல் நிரப்புங்கள், அட்டை எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். இரண்டு பதிவுகளுக்குமே கட்டணம் கிடையாது.