உப்புக்காற்றும் ஜன்னல் கண்ணாடியும்

1970-களில் வீட்டுவசதி வாரியம் சென்னை பெசன்ட் நகரில் குடியிருப்புகள் கட்டிய காலத்தில், கடலோர வீட்டு ஜன்னலில் கண்ணாடி குறைவு. மரச்சட்டம், இரும்புக் கம்பி, இரட்டைக் கதவு. கண்ணாடி இருந்தாலும் கைக்குட்டை அளவுச் சதுரங்களாக, மக்கு வைத்துப் பதித்திருப்பார்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும். இன்று பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் எழும் புதிய அடுக்குமாடிகளில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிதான். கடல் உள்ளே தெரிகிறது. காற்று வெளியிலேயே நின்றுவிடுகிறது.

அன்று ஜன்னல் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் இரும்பைக் காப்பாற்றுவதுதான். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். கம்பியின் முனை பருத்து மரச்சட்டத்தையே பிளந்துவிடும். அதனால் பொங்கலுக்கு முன் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயின்ட் பூசுவார்கள். கீலுக்கும் கொண்டிக்கும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். கண்ணாடிக்கு ஈரத்துணி, பிறகு பழைய செய்தித்தாள். அத்தனையும் வீட்டுக்குள் நின்றபடியே, அநேகமாகப் பெண்களின் கையால் நடந்தது. யாரும் கணக்கில் வைக்காத உழைப்பு அது.

இன்று யுபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்டத்துக்குத் துருவும் இல்லை, கரையானும் இல்லை. கைப்பிடிக்கும் திருகுக்கும் 316 ரக எவர்சில்வர் கிடைக்கிறது. அதில் கலந்துள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உப்பின் அரிப்பைத் தாங்கும். நடக்க முடியாத முதியவர் கட்டிலில் படுத்தபடியே அலையைப் பார்க்கிறார். இவை சிறிய லாபங்கள் அல்ல.

ஆனால் உப்பு எங்கும் போய்விடவில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது. முன்பு பலகையிலும் கம்பியிலும் சுவரிலும் பரவிய உப்பு, இப்போது கண்ணாடியில் படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கசியும். சென்னைக் கடற்கரையின் இரவுகளில் அது அடிக்கடி நடக்கிறது. விடியற்காலையில் தொட்டால் பிசுபிசுப்பு. வெயில் ஏறினால் வெண்படலம். அதில் நுண்மணலும் ஒட்டியிருக்கும். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் விழும் கீறலை எந்தச் சோப்பும் போக்காது. தண்ணீர் ஊற்றிக் கரைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரும் மாறிவிட்டது. மழை மணலில் இறங்கித் தங்கிய காலத்தில், கடலுக்கு இத்தனை அருகிலும் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச, பல இடங்களில் உவர்நீர் உள்ளே வந்தது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது ஓரளவு கைகொடுத்தது. இருந்தாலும் போர் தண்ணீரில் கழுவிய கண்ணாடியில் வட்டவட்டமாக வெள்ளைப் புள்ளி நிற்கிறது. பலர் கடலைக் குறை சொல்கிறார்கள். கடல் உப்பு தண்ணீரில் கரைந்து போய்விடும். நிற்பது போர் தண்ணீரின் சுண்ணாம்பு. அதற்கு வினிகர் கலந்த தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணீரோ, சேமித்த மழைநீரோ வேண்டும்.

வேலை செய்யும் கையும் மாறியிருக்கிறது. உயரமான கட்டடத்தின் திறக்காத கண்ணாடியை உள்ளிருந்து துடைக்க வழியில்லை. கடற்காற்று வலுக்கும் முன், காலையிலேயே ஓர் இளைஞர் மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்குகிறார். சிறு பலகைதான் இருக்கை. பக்கத்தில் வாளி தொங்குகிறது. பஞ்சால் நனைத்து, ரப்பர் வைப்பரை மேல்விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவருகிறார். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு ரப்பரை இடுப்புத் துணியில் துடைத்துக்கொள்கிறார். இல்லாவிட்டால் ஓரத்தில் கோடு விழும். காலை உதைத்துக் கண்ணாடியை விட்டு விலகி, அடுத்த சட்டத்துக்கு நகர்கிறார். அன்று துருவோடு முடிந்த ஆபத்து, இன்று ஒரு மனித உயிரில் வந்து நிற்கிறது. இந்த மாற்றத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

கடலோரக் கண்ணாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆள் வரும்போது மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். கயிறு கான்கிரீட் தூணில் கட்டியிருக்கிறதா, தண்ணீர்க் குழாயிலா? கைப்பிடிச் சுவரின் விளிம்பில் அது உரசாமல் சாக்கு மடித்து வைத்திருக்கிறார்களா? உட்காரும் கயிறு ஒன்று, உடம்பைப் பிடிக்கும் பாதுகாப்புக் கயிறு வேறொன்று. இரண்டாவது கயிறு இல்லையென்றால் வேலையை நிறுத்துங்கள். கண்ணாடி இன்னும் ஒரு வாரம் அழுக்காகவே இருக்கட்டும்.