ஏறி இறங்கும் ஊர்!

பிள்ளைகளே! இத்தாலி என்றதும் உங்களுக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? சாய்ந்து நிற்கும் பைசா கோபுரம், ரோம் நகரத்துக் கொலோசியம், தெருக்களில் படகு ஓடும் வெனிஸ்... சரிதானே? உலகெங்கும் இருந்து போகிறவர்களும் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அவர்களில் பலர் எட்டிப் பார்க்காத ஓர் ஊருக்கு இன்று உங்களை அழைத்துப் போகிறேன்.

அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலி ஒரு நீண்ட பூட்ஸ் போல இருக்கிறதா? அதன் முன்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே நேப்பிள்ஸ் நகரம். அதற்கு மேற்கே, உள்ளூர் ரயில் போகும் தூரத்தில், கடற்கரையில் இருக்கிறது பொட்ஸுவோலி. ரோமானியர் காலத்தில் இது பெரிய துறைமுகம். கிழக்கு நாட்டுச் சரக்குகள் எகிப்து வழியாக இங்கே வந்து இறங்கின. நம் சேர நாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகு ரோமாபுரிக்குப் போனதும் இந்தப் பாதையில்தான். ரோமுக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட புனித பவுல் இத்துறைமுகத்தில் கரை இறங்கினார் என்று பைபிள் சொல்கிறது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், தெருவைவிடத் தாழ்ந்த ஒரு பள்ளத்தில், மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. உயரம் சுமார் 12 மீட்டர். 1750இல் இந்த இடத்தைத் தோண்டியபோது செராபிஸ் என்னும் கடவுளின் சிலை கிடைத்தது. அதனால் 'செராபிஸ் கோயில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இது கோயில் அல்ல, சந்தை! ரோமானியர்கள் மீனும் இறைச்சியும் வாங்க வந்த இடம்.

அந்தத் தூண்களைக் கவனியுங்கள். அடியிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் வரை வழவழப்பு. அதற்கு மேலே சுமார் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரே துளை மயம். அதற்கும் மேலே மறுபடி வழவழப்பு. யார் போட்ட துளைகள்? கடலில் வாழும் ஒரு வகைச் சிப்பி! சுண்ணாம்புக் கல்லையும் பளிங்கையும் கரைத்து, குடைந்து, உள்ளே குடியிருக்கும் சிப்பி அது. பேரீச்சம்பழம் போல இருப்பதால் 'கடல் பேரீச்சை' என்று இத்தாலியர்கள் அழைக்கிறார்கள். (இதை எடுக்கப் பாறையையே உடைக்க வேண்டும் என்பதால், எடுப்பதற்கு இத்தாலியில் தடை இருக்கிறது.)

கடலுக்குள் வாழும் சிப்பி, தரையில் நிற்கும் தூணின் நடுவில் எப்படி ஏறியது? கொஞ்சம் யோசியுங்கள், பிறகு மேலே படியுங்கள்.

சிப்பி ஏறவில்லை. தூண்கள்தான் இறங்கின! சந்தை கட்டப்பட்ட தரை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. தூணின் அடிப்பகுதி மண்ணிலும் இடிபாட்டிலும் புதைந்துவிட்டதால் அங்கே சிப்பிக்கு இடமில்லை. நடுப்பகுதி கடல்நீரில் நின்றது, அங்கே குடைந்தது. மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே இருந்ததால் தப்பியது. பிறகு தரை மறுபடி உயர்ந்தது; தூண்களும் கீழே விழாமல் அப்படியே மேலே வந்தன. சார்லஸ் லயல் என்னும் புவியியல் அறிஞர், 1830இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலின் முகப்பில் இந்தத் தூண்களின் படத்தைத்தான் போட்டார். பூமி ஒரே நாளில் மட்டுமல்ல, மெதுவாகவும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எது?

காரணம் என்ன தெரியுமா? பொட்ஸுவோலி ஓர் எரிமலைக்கு உள்ளே இருக்கிறது! வெசுவியஸ் போலக் கூம்பு மலை அல்ல இது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்து, உள்வாங்கி, 12 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான பெரிய பள்ளமாகிவிட்டது. பாதி நிலத்தில், பாதி கடலில். இதன் பெயர் 'காம்பி ஃப்ளெக்ரே', அதாவது எரியும் வயல்கள். கீழே சூடான பாறைக்குழம்பும், வாயுக்களும், கொதிக்கும் நீரும் உள்ளன. சோறு கொதிக்கும்போது பானையின் மூடி எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல அழுத்தம் கூடினால் தரை எழும்பும், குறைந்தால் தாழும்.

ஒருமுறை அது எழும்புவதோடு நிற்கவில்லை. 1538 செப்டம்பர் இறுதியில் வெடித்தது. ஒரே வாரத்தில், திரிபெர்கோலே என்ற கிராமம் இருந்த இடத்தில் 130 மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு மலை முளைத்துவிட்டது! அதற்கு 'புதிய மலை' என்றே பெயர். இன்று மரங்கள் அடர்ந்து, நடந்து ஏறக்கூடியதாக இருக்கிறது.

இந்த எரிமலை கெடுதல் மட்டும் செய்யவில்லை. இதன் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்று ரோமானியர் கண்டுகொண்டனர். கடலுக்குள் துறைமுகச் சுவர்கள் எழுப்பினர். இன்றும் கட்டடத் துறையில் அந்தச் சாம்பலுக்கு 'பொஸலானா' என்று இந்த ஊரின் பெயர்தான்.

அடுத்து, கடலை ஒட்டிய ரியோனே தெர்ரா என்னும் குன்றுக்கு வாருங்கள். அங்கே ஒரு பேராலயம். 1964 மே மாதம் ஓர் இரவில் அது தீப்பிடித்தது. ஊரே கலங்கியது. ஆனால் சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடத்தில் என்ன தெரிந்தது? அகஸ்டஸ் காலத்து ரோமானியக் கோயிலின் பளிங்குத் தூண்கள்! பழைய கோயிலை இடிக்காமல், அதையே உள்ளே வைத்துத் தேவாலயத்தை எழுப்பியிருக்கிறார்கள். 2014இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த ஆலயத்தில் ரோமானியத் தூண்களுக்கு நடுவே கண்ணாடிச் சுவர்கள் உள்ளன. ஒரே கட்டடத்தில் கோயிலும் தேவாலயமும். எனக்கு இத்தாலியில் பிடித்த ஆலயங்களில் முதலிடம் இதற்குத்தான்.

திறக்க ஏன் 50 ஆண்டு ஆயிற்று? 1970 மார்ச்சில் தரை எழும்பத் தொடங்கியது தெரிந்ததும், அந்தக் குன்றில் வாழ்ந்த சுமார் 3,000 பேரை அரசு வெளியேற்றிவிட்டது. வீடுகள் அப்படியே காலியாகக் கிடந்தன. 1982 முதல் 1984 வரை மீண்டும் சுமார் 1.8 மீட்டர் எழும்பியது. ஓர் ஆள் உயரம்! தொடர்ந்து நிலநடுக்கம். இம்முறை ஊரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். துறைமுகத்தில் தண்ணீரின் ஆழமும் குறைந்துபோனது.

இதற்கு நேர்மாறான காட்சி பக்கத்து ஊரில். பெயர் பாயா. சிரிக்காதீர்கள், ஆட்டுக்கால் பாயா அல்ல! ரோமானியச் செல்வந்தர்களும் மன்னர்களும் மாளிகை கட்டி ஓய்வெடுத்த கடற்கரை அது. அங்கே தரை தாழ்ந்து மாளிகைகள் கடலுக்குள் போய்விட்டன. 2002 முதல் அது கடலடிப் பூங்கா. அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தோ, முகமூடி அணிந்து நீந்தியோ பார்க்கலாம். வண்ணக் கல் பதித்த தரைகளின் மேல் மீன்கள் உலவும். கிளாடியஸ் மன்னனின் விருந்து மண்டபத்துச் சிலைகள் சுமார் 5 மீட்டர் ஆழத்தில் நிற்கின்றன. அவை நகல்கள்தாம், அசல் சிலைகள் பாயா கோட்டை அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன.

இன்னும் தள்ளிப் போனால் மிசேனோ கடற்கரை. இன்று நீந்தி விளையாட வருகிறார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்ததை இங்கிருந்து பார்த்தான் 17 வயது பிளினி. பிற்காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் மூலம்தான் அந்த நாளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது.

சரி, இப்போது அந்தத் தரை சும்மா இருக்கிறதா? இல்லை. 2005 முதல் மறுபடி எழும்பி, 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 1.4 மீட்டர் உயர்ந்துவிட்டது. முன்பு தண்ணீர் தேங்கிய சந்தைத் தரை காய்ந்துவிட்டது. மீனவர்களின் சிறு துறையில் படகுகள் சேற்றில் தட்டின. 2024 மேயில் 4.4, 2025இல் 4.6 அளவில் நிலநடுக்கங்கள். 1841இல் நிறுவப்பட்ட வெசுவியஸ் ஆய்வகம் கருவிகளை வைத்து இரவும் பகலும் கண்காணிக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு எச்சரிக்கை நிலைகள். 2012 டிசம்பரில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினார்கள்.

மிக ஆபத்தான பகுதியில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். சிவப்பு அறிவித்தால் 72 மணி நேரத்தில் எல்லோரும் வெளியேற வேண்டும். எந்த ஊரார் எந்த மாநிலத்துக்குப் போவது என்றுகூட முன்பே முடிவு செய்திருக்கிறார்கள். பொட்ஸுவோலி மக்களுக்கு ஒதுக்கியிருப்பது வடக்கே உள்ள லொம்பார்டி.