வேலைக்கேற்ற ஆங்கிலம்: பாடத்திட்டமும் தேர்வும்

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

வேப்பனப்பள்ளிச் சந்தையில் ஒரு கூடை தக்காளிக்கு விலை பேசி முடிப்பதற்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வந்துபோய்விடும். மூன்று மாநிலங்களின் எல்லையில் வாழும் நமக்கு இது புதுமையன்று. எழுத்தறியாத என் பாட்டிகூட மூன்று மொழிகளிலும் தடையின்றிப் பேசுவார். வேண்டிய இடத்தில் வேண்டிய சொல்லைக் கேட்டுப் பழகியதால் வந்த மொழியறிவு அது. ஆனால், அதே வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆங்கிலப் பாடம் படித்த என் அக்காவுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத வரவில்லை. இது ஏன் என்ற கேள்வியே இக்கட்டுரைக்கு வித்திட்டது.

1971 ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனம் தோன்றியது. பின்னர் ஓசூரில் தொழிற்பேட்டையும் அமைந்தது. அதன்பின் நம் பகுதியின் வாழ்க்கையே மாறிவிட்டது எனலாம். மானாவாரி நிலத்தையும் மாந்தோப்பையும் நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று விடியுமுன் கம்பெனிப் பேருந்தில் ஏறி ஷிப்டுக்குச் செல்கின்றனர். என் அக்காவும் அவர்களுள் ஒருவர். ஆறு ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறார். மெஷினின் ஓசை மாறினாலே பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால், ஷிப்ட் முடியும்போது நடந்தவற்றைப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அதைப் பக்கத்து மெஷின்காரரிடம் சொல்லி எழுதிவாங்குவதே அவர் வழக்கம். லைன் லீடர் பதவி காலியானபோது அது, அக்காவிடமே வேலை கற்றுக்கொண்ட, ஆனால் பதிவேடு எழுதத் தெரிந்த ஒருவருக்குப் போயிற்று.

அக்கா சோர்ந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஓர் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தார். மூன்று மாதத்தில் சான்றிதழ் வந்தது. பதிவேடு மட்டும் பக்கத்து மெஷின்காரர் கையிலேயே இருந்தது. பிறகு, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் என்ற முறையில் நான் ஆசிரியனானேன். எனக்குக் கற்பித்தபடியே காலங்கள் பன்னிரண்டையும் வரிசையாகத் தொடங்கினேன். இரண்டாம் வாரத்தில் அக்கா நோட்டை மூடிவிட்டார். "ராமன் மாம்பழம் தின்றான், தின்கிறான், தின்பான்னு எழுதறதுக்கு எங்க ரிஜிஸ்டர்ல இடமே இல்லடா தம்பி" என்றார்.

இதை எங்கள் ஆங்கிலப் பேராசிரியரிடம் கூறினேன். அவர் சிரிக்கவில்லை. "உன் அக்கா சொன்னதை அடிப்படையாகக் கொண்டே ஒரு துறை வளர்ந்திருக்கிறது" என்று சொல்லிச் சில நூல்களைத் தந்தார். குறிப்பிட்ட நோக்கத்துக்கான ஆங்கிலம் என்பது அத்துறையின் பெயர். நான் அறிந்தவற்றை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தேவையை அறிதல்

பொது ஆங்கிலப் பாடம் இலக்கணத்தில் தொடங்குகிறது. வேலைக்கான ஆங்கிலப் பாடமோ கற்பவரின் வேலையில் தொடங்குகிறது. நம் மாநிலத்திலேயே அண்ணா பல்கலைக்கழகம் 1990 இல் பொறியியல் மாணவருக்கெனத் திறன்களை அடிப்படையாகக் கொண்ட தனி ஆங்கிலப் பாடநூலை உருவாக்கியது இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

1987 இல் டாம் ஹட்சின்சன், ஆலன் வாட்டர்ஸ் ஆகிய இருவரும் எழுதிய நூல் இத்துறையில் புகழ்பெற்றது. கற்பவரின் தேவையை அவர்கள் மூன்றாகப் பிரிக்கின்றனர். வேலைக்குக் கட்டாயம் வேண்டுவது ஒன்று. அதில் கற்பவருக்கு இன்னும் தெரியாதது மற்றொன்று. கற்பவர் தாமாக விரும்புவது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

இந்த அளவுகோலை அக்காவிடம் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் வேலையில் எங்கெல்லாம் ஆங்கிலம் குறுக்கிட்டது என்று தினமும் இரவில் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். பதிவேட்டில் எழுதவேண்டியவை ஐந்தே செய்திகளில் அடங்கிவிட்டன: எந்த மெஷின், எத்தனை மணிக்கு நின்றது, என்ன பழுது, என்ன செய்யப்பட்டது, எத்தனை உதிரிபாகங்கள் ரிஜெக்ட். மெஷின் பாகங்களின் ஆங்கிலப் பெயர்கள் அவருக்கு முன்பே வாய்ப்பாடம்; அவற்றை எழுதத்தான் தெரியாது. ஆகவே, அவர் வெற்றுப் பலகை அல்லர். விருப்பம் என்ன என்று கேட்டபோதோ, பதிவேட்டைப் பற்றி அவர் பேசவேயில்லை. "பையனோட இங்கிலீஷ் புத்தகத்தை நானே படிச்சுக் காட்டணும்" என்றார்.

பாடத்தை வகுத்தல்

தேவை தெரிந்தபின் நேரத்தைக் கணக்கிட வேண்டும். வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி, பத்து வாரம் என்றால் மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரமே கிடைக்கும். இதற்குள் ஆங்கிலம் முழுவதையும் கற்பிப்பேன் என்பது கானல் நீர். எனவே குறிக்கோளை, "இறந்தகாலத்தை அறிவார்" என்று எழுதாமல், "மெஷின் நின்ற விவரத்தைப் பிறர் உதவியின்றிப் பத்து நிமிடத்தில் எழுதுவார்" என்று எழுதிக்கொண்டேன். செய்து காட்டக்கூடியதாகக் குறிக்கோள் இருந்தால்தான் அது நிறைவேறியதா என்று பின்னர் சோதிக்க முடியும்.

பெரியவர்களுக்குக் கற்பிப்பதில் வேறு சிலவற்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவரின் உடல் சோர்ந்திருக்கும். தவறாகச் சொன்னால் இளையவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சமும் இருக்கும். ஆயினும் தம் தொழிலைப் பற்றி ஆசிரியரைவிட அவருக்கே மிகுதியாகத் தெரியும். மெஷின் எப்படி ஓடுகிறது என்று அக்கா எனக்குச் சொல்லித்தர, அதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று நான் அவருக்குச் சொல்லித்தந்தேன். வகுப்பு கலகலப்பானது அன்றிலிருந்துதான்.

இம்முறைக்கு நம் அண்டையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அதனை வழங்குவர். இலக்கணத்தை நேராகக் கற்பிக்காமல், ஊர் வரைபடத்தையோ ரயில் கால அட்டவணையையோ கொடுத்து, அதிலுள்ள சிக்கலை மாணவர்கள் ஆங்கிலத்தின் வழியே தீர்க்கும்படி செய்தார். செயலில் கருத்து ஊன்றியிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. அது சிறுவர்களுக்கு நடந்தது; ஆயினும் பதிவேடு எழுதும் பெரியவர்களுக்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

தேர்வு எப்படி இருக்கவேண்டும்?

வேலைக்கான மொழித் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதை வானூர்தித் துறை பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1996 நவம்பர் 12 அன்று அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் மாண்டனர். 15,000 அடி உயரத்தில் நிற்கவேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம். அவ்விமானிகளுக்குப் போதிய ஆங்கிலம் தெரியாததும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது.

பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2003 இல் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் மொழித்திறன் விதிகளை ஏற்றது; 2008 மார்ச்சு முதல் அவை நடைமுறைக்கு வந்தன. உச்சரிப்பு, அமைப்பு, சொல்வளம், சரளம், புரிந்துகொள்ளல், உரையாடல் என்னும் ஆறு கூறுகளை அவை அளக்கின்றன. ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலையை எட்டவேண்டும். ஆறு கூறுகளின் சராசரியை எடுப்பதில்லை. எது மிகக் குறைவோ அதுவே அவருடைய நிலை. அழகாகப் பேசும் விமானி, சொன்னதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பயனில்லை அல்லவா?

ஆஸ்திரேலியாவில் 1980களில் வளர்ந்த தொழில்சார் ஆங்கிலத் தேர்வும் இத்தகையதே. வெளிநாடு செல்லும் நம் செவிலியர் பலரும் இதனை எழுதுகின்றனர். இதில் கட்டுரை கிடையாது. நோயாளியின் குறிப்புகளைப் படித்து ஒரு கடிதம் எழுதவேண்டும். நோயாளியாக நடிப்பவரிடம் பேசிக்காட்ட வேண்டும்.

இவற்றைப் பின்பற்றி அக்காவுக்கு நானும் ஒரு தேர்வு அமைத்தேன். "பத்து இருபதுக்கு ஏழாம் எண் மெஷினில் எண்ணெய் கசிந்தது, நிறுத்திவிட்டு மெயின்டனன்ஸுக்குச் சொன்னீர்கள், பத்து ஐம்பத்தைந்துக்கு மீண்டும் ஓடியது, பதினான்கு உதிரிபாகங்கள் ரிஜெக்ட்" என்று தமிழில் சொல்லி, பதிவேட்டுக் குறிப்பாக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஐந்து செய்திகளுக்கும் நான்கு நான்கு மதிப்பெண். 'ஸ்டாப்டு' என்பதில் ஓர் எழுத்து குறைந்தால் மதிப்பெண் குறையாது. மெஷின் எண்ணோ மணியோ தவறினால் குறிப்பு முழுவதும் தோல்வி. அதைப் படிக்கும் மெக்கானிக் வேறு மெஷினை அல்லவா கழற்றுவார்? இலக்கணத்தைக் கைவிட்டேன் என்று யாரும் எண்ணவேண்டாம். எண்ணெய் கசிந்தது என்பதற்கும், கசிந்துகொண்டிருக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாடு அடுத்த ஷிப்டுக்கு வருபவர் வழுக்கி விழாமல் இருப்பதற்கான வேறுபாடு. அந்த இலக்கணத்தை அக்கா ஒரே நாளில் கற்றார்.

பாடத்திட்டத்துக்கும் தேர்வு உண்டு

பயிற்சி ஒன்றை மதிப்பிட டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959 இல் நான்கு படிகளைக் கூறினார். கற்றவருக்குப் பிடித்ததா? கற்றாரா? கற்றதை வேலையில் கையாண்டாரா? அதனால் விளைந்த பயன் என்ன? நம் வகுப்புகள் பலவும் முதலிரண்டு படிகளில் நின்றுவிடுகின்றன. சான்றிதழ் அச்சிட அதுவே போதுமல்லவா!

பத்து வாரம் முடிந்தது. முதல் நாள் ஐந்து செய்திகளில் இரண்டையே சரியாக எழுதிய அக்கா, கடைசித் தேர்வில் ஐந்தையும் எழுதினார். இப்போது பதிவேட்டை அவரே எழுதுகிறார். ஆனால் மூன்றாம் படியில் ஒரு குறை வெளிப்பட்டது. மெஷின் இரைச்சலுக்கு நடுவே சூப்பர்வைசர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் கேட்பது அவருக்குப் புரியவில்லை. நான் கேட்கும் பயிற்சியே வைக்கவில்லை. அங்கே தோற்றது அக்கா அல்லர், என் பாடத்திட்டம். கற்றவரின் தவறு என்று நாம் தள்ளிவிடுபவற்றுள் எத்தனை இத்தகையனவோ!

வேலைக்கு வேண்டியதை மட்டும் கற்பித்தால் தொழிலாளியை அந்த வேலைக்குள்ளேயே கட்டிப்போட்டதாகாதா என்று எங்கள் பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்தில் ஒரு வகுப்பை மருமகனின் புத்தகத்துக்கு ஒதுக்கினோம். அக்கா ஒரு நாளும் தவறவிடாதது அந்த வகுப்பைத்தான்.

பதவி இன்னும் வரவில்லை. அடுத்த முறை காலியிடம் வரும்போது, பதிவேட்டைக் காட்டி அவரை மறுக்க இயலாது என்பது மட்டும் உறுதி.

நண்பர்களே! செய்முறைப் பதிவேட்டை மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதும் நமக்கும் இது பொருந்தாதா? தமிழ்வழியில் படித்து வந்த நாம், சோதனைச்சாலையில் நம் கண்ணால் கண்டதை நம் சொந்த ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதினால் அதுவே ஒரு தொடக்கம். நம் நாட்டு நலப்பணித் திட்ட அணி, கம்பெனிப் பேருந்து வந்து நிற்கும் ஊர்களில் ஒரு மாலை வகுப்பைத் தொடங்கலாம். முதல் நாள் கரும்பலகையில் எதுவும் எழுதவேண்டாம். வந்திருப்பவர்களிடம், "உங்கள் வேலையில் ஆங்கிலம் எங்கே குறுக்கிடுகிறது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தை அவர்களே எழுதித் தருவார்கள்.