கோதுமை ஒவ்வாத குழந்தை: கைகொடுக்கும் தமிழ்ச் சமையல்

தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகியோ பிழைப்புத் தேடியோ டில்லிக்கு வரும் குடும்பங்களின் சாப்பாட்டில், ஓரிரு ஆண்டுகளுக்குள் கோதுமை இடம் பிடித்துவிடுகிறது. இரவில் சப்பாத்தி, குழந்தையின் டிபன் டப்பாவில் பரோட்டா, மாலையில் டீயோடு ரஸ்க் என்று ஆகிவிடுகிறது. பெரியவர்களுக்கு இது சௌகரியம்தான். ஆனால் சில குழந்தைகளின் உடம்பு கோதுமையை ஏற்பதில்லை.

பால்குடி மாறி, கோதுமைக் கஞ்சியும் பிஸ்கட்டும் பழக்கிய சில மாதங்களில் தொல்லை தலைகாட்டுகிறது. அடிக்கடி பேதி, உப்பிய வயிறு, மெலிந்த கைகால், ஏறாத எடை, இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் தீராத ரத்த சோகை ஆகியவை இதன் அறிகுறிகள். பல் முளைக்கிறது, டில்லித் தண்ணீர் சேரவில்லை, திருஷ்டி பட்டுவிட்டது என்று காரணம் சொல்லியே பல வீடுகளில் காலம் ஓடிவிடுகிறது. இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு இருப்பது சீலியாக் என்னும் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் இவர்களுடைய சிறுகுடலின் உட்புறத்தைச் சேதப்படுத்துகிறது. அதனால் உண்ணும் உணவின் சத்து உடம்பில் ஒட்டுவதில்லை.

நம்மவர்க்கு வராதா?

இது வடநாட்டார் வியாதி, நமக்கு வராது என்று நினைப்பவர்கள் உண்டு. 2011-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, டில்லி வட்டாரத்தில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிவித்தது. 2016-ல் வெளியான மற்றோர் ஆய்வு வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளையும் ஒப்பிட்டது. வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு ரத்தத்தில் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்குத்தான் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு தென்னாட்டவரிடமும் குறைவாக இல்லை. அவர்கள் சாப்பிட்ட கோதுமைதான் குறைவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே அது 25 கிராம்தான். டில்லிக்கு வந்து கோதுமைக்குப் பழகும் தமிழ்க் குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ. கோதுமை இல்லாத உணவு கொடுத்தால் குழந்தைகள் தேறுவதை அவர் 1930-களிலேயே கவனித்து வந்தார். யுத்தத்தின் முடிவில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது அவருடைய எண்ணம் வலுப்பட்டது. 1950-ல் தம் ஆராய்ச்சியை நூலாக அளித்தார். இன்றும் இதற்கு மருந்து அதுவே: ஆயுள் முழுவதும் கோதுமையை விலக்குவது.

முதலில் பரிசோதனை

சந்தேகம் வந்தவுடன் தாய்மார்கள் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். குழந்தை வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டாக்டரிடம் காட்ட வேண்டும். முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி மூலம் சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். பால் ஒவ்வாமை முதலிய வேறு கோளாறுகளும் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டக்கூடும். அதனால் ஊகத்தை நம்பிக் குழந்தையைப் பட்டினி போடுவது சரியல்ல.

அடுக்களையில் பாதி வேலை முடிந்தது

நோய் உறுதியானதும் பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். ஆனால் பஞ்சாபிக் குடும்பத்துக்கு உள்ள சிரமம் தமிழ்க் குடும்பத்துக்கு இல்லை. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், புட்டு, அடை, உளுந்து வடை எதற்கும் கோதுமை வேண்டாம். கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை எல்லாம் ஆகும். டில்லிக் கடைகளில் மக்காச்சோள மாவு சுலபமாகக் கிடைக்கிறது. நவராத்திரி விரத காலத்தில் குட்டு மாவும் சிங்காடா மாவும் எங்கும் விற்கின்றன. இவற்றிலும் கோதுமை இல்லை. குழந்தைக்கு மட்டும் தனிச் சமையல் செய்து ஒதுக்கி உட்கார வைப்பதைவிட, வீடு முழுவதும் ஒருவேளையாவது அதே சாப்பாட்டுக்கு மாறினால் தாய்க்கு வேலையும் மிச்சம்; குழந்தைக்கு ஏக்கமும் இல்லை. வெறும் சோற்றோடு நிறுத்தாமல் பருப்பும் கீரையும் தவறாமல் சேர்க்க வேண்டும்.

அபாயம் மறைந்திருக்கும் இடங்கள் வேறு. ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமையே. ஆகவே ரவா தோசையும் கேசரியும் கூடாது. பலருக்கும் தெரியாதது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் அது குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததை வாங்கலாம். இல்லாவிட்டால் பெருங்காயமே இல்லாமல் தாளிக்கலாம். மால்ட் கலந்த சத்துப் பானங்களும் ஆகா. கோதுமை அரைத்த மில்லில் அரிசியை அரைத்தால் மாவு கலந்துவிடும். ஆகவே வீட்டு மிக்ஸியே நல்லது. சப்பாத்திக் கல்லையும் தோசைக் கல்லையும் தனித்தனியே வைப்பதும், பூரி பொரித்த எண்ணெயில் குழந்தைக்கு அப்பளம் பொரிக்காமல் இருப்பதும் அவசியம். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

அன்பே ஆபத்தாகும்போது

வீட்டுக் கட்டுப்பாடு பெரும்பாலும் வெளியில்தான் குலைகிறது. அடுத்த வீட்டு ஆன்ட்டி பிரியமாகத் தரும் பிஸ்கட், குருத்வாராவில் கிடைக்கும் கோதுமை மாவு அல்வா, பள்ளியில் தோழன் பகிரும் பரோட்டா, ஊரிலிருந்து வந்த பாட்டி "கொஞ்சம் தின்றால் என்ன?" என்று ஊட்டும் ஒரு வாய்க் கேசரி எல்லாமே குடலைப் பழையபடி புண்ணாக்கிவிடும். உடனே வயிற்று வலி வராவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கும். ஆகவே பள்ளி ஆசிரியையிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கூச்சப்படாமல் சொல்லிவைக்க வேண்டும். பேசத் தெரிந்த குழந்தைக்கு, "மே கேஹூ நஹீ காத்தா" என்று இந்தியில் சொல்லவும் பழக்கிவிடலாம்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் பலன் சீக்கிரமே கிடைக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் பேதி நிற்கிறது; சில மாதங்களில் எடை ஏறுகிறது; பிறகு உயரமும் கூடுகிறது. தேறிவிட்டதே என்று மறுபடியும் கோதுமை கொடுக்காமல் இருப்பதுதான் பெற்றோருக்கு உள்ள பெரிய சோதனை.